மூன்றாவது தட்டல்

எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு. அறை என்னவோ பதினான்குக்குப் பதினொன்று. தாராளமாக ஒரு கட்டிலும் பீரோவும் போடலாம். ஆனால் என் வீட்டுக்காரரைக் கேட்டால், அந்த அறையில் இசை சரியாகக் கேட்கிற இடம் ஒன்றே ஒன்றுதான் என்பார். அந்த இடத்தில் நாற்காலியின் நாலு காலுக்கும் தரையில் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறார். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாள் பெருக்கும்போது அதை நாலு விரற்கடை தள்ளிப் போட்டுவிட்டேன். சாயங்காலம் வேலையிலிருந்து வந்து உட்கார்ந்தவர், "என்னது, பாடறவங்க ஒரு பக்கமா ஒதுங்கிட்டாங்க?" என்று அலறினார். அவங்க ஒதுங்கலை சாமி, நான்தான் ஒதுக்கினேன் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

என் நாத்தனார் அந்த அறைக்குச் 'சின்னவீடு' என்று பெயர் வைத்திருக்கிறாள். தப்பே இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவருக்கு அங்கேதான் குடித்தனம். ஆளுயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள், பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் மாதிரி முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு நிற்கும். நடுவில் கனத்த பலகைமேல் ரெக்கார்டு பிளேயர். பக்கத்தில், பழைய ரேடியோவில் இருக்குமே, அந்த மாதிரி கண்ணாடி வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயர். அது அரைமணி நேரம் சூடேறின பிறகுதான் இசைத்தட்டையே உறையிலிருந்து எடுப்பார். ஒயர்கள் தரையில் படக் கூடாதாம், ஒலி கெட்டுவிடுமாம். அதனால் அடியில் குட்டிக் குட்டி மரக்கட்டைகள். அதில் இரண்டை எடுத்து, ஆடிக்கொண்டிருந்த என் சமையல் மேசைக்கு முட்டுக் கொடுத்தேன். ஒன்றரை மாசம் ஒரு வித்தியாசமும் அவருக்குத் தெரியவில்லை. நானாகச் சொன்ன பிறகு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

அவர் குளிர்பானக் கம்பெனியில் லைன் மெக்கானிக். இருபத்தோரு வயதில் சேர்ந்தவர், முப்பத்து நாலு வருஷம் ஆகிவிட்டது. கண்ணாடி பாட்டில்கள் வரிசையாக ஓடிவந்து ஒன்றையொன்று முட்டிக்கொண்டு போகும் இடம் அது. நான் ஒரு தடவை போய்ப் பத்து நிமிடம் நின்றேன், பல்லெல்லாம் கூசிப்போயிற்று. காதை அடைத்துக்கொள்ளக் கம்பெனியில் அடைப்பான் கொடுக்கத்தான் செய்தார்கள். இவர் போட்டால்தானே. "மெஷின் பேசறது கேக்கணும்மா. பேரிங் போகப் போகுதுன்னா ரெண்டு நாள் முன்னாடியே அது முனக ஆரம்பிச்சுடும். காதை அடைச்சுக்கிட்டா எனக்கு எப்படித் தெரியும்?" என்பார். அவர் கைப்பட்ட லைன் நின்றதே இல்லை என்று கம்பெனியில் இன்றைக்கும் சொல்வார்கள்.

கல்யாணமான மூன்றாம் நாள், அப்போது இருந்த ஒற்றை அறை வீட்டில் என்னை உட்காரவைத்து ஒரு இசைத்தட்டைப் போட்டார். பாட்டு கிடையாது, வெறும் வாத்தியங்கள். கடைசியில் எல்லா வாத்தியமும் அடங்கின பிறகு, யாரோ ஒருவர் முக்கோணக் கம்பியை மூன்றே மூன்று தடவை தட்டுவார். மூன்றாவது தட்டலின் ஒலி மெலிந்து மெலிந்து போய்க்கொண்டே இருக்கும். இவர் எனக்குப் பின்னால் நின்று, தோளில் கையை வைத்து, "இருக்கா? இன்னும் இருக்கா?" என்று கேட்டார். போயிடுச்சு என்றேன். "இல்லம்மா, இன்னும் இருக்கு" என்று சொல்லிவிட்டு நாலு எண்ணுகிற நேரம் அப்படியே நின்றார். புதுப்பெண் இல்லையா, புளுகாதீங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகு காது ஆஸ்பத்திரியில் செவித்திறன் பரிசோதிக்கும் வேலையில் நான் சேர்ந்தேன். சேர்ந்த புதிதில் ஒரு நாள் அவரை உட்காரவைத்துப் பரிசோதித்தேன். புளுகே இல்லை. இந்த இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒரு காதை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இவரைப் போலவே பித்துப்பிடித்தவர்கள் இன்னும் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் பல் டாக்டர். ஸ்பீக்கருக்கென்றே வீட்டுத் தரையை உடைத்துத் தனி மேடை கட்டியவர். மனைவி பிறந்த வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து உடைத்தார். இன்னொருவர் புவியியல் வாத்தியார். ஸ்பீக்கர் பெட்டியைத் தானே அறுத்து, ஒட்டி, இழைத்துச் செய்துகொண்டவர். அதில் ஒன்றை மூத்தவன் என்பார், மற்றதை இளையவன் என்பார். மூன்றாமவர் தையல்காரர். சகலமும் ஒயரில்தான் இருக்கிறது என்று அடித்துப் பேசுவதால் அவருக்குக் 'கேபிள்' என்றே பெயர். மாசத்தில் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். யார் வீடோ அவர் தன் செட்டில் புதிதாக என்ன மாற்றினார் என்று காட்ட வேண்டும், மற்ற மூவரும் ஆளுக்கொரு இசைத்தட்டு அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

அவர்களுக்குள் ஒரு மரியாதை உண்டு. ஒருவர் செட்டை இன்னொருவர் குறை சொல்லவே மாட்டார். பிடித்திருந்தால் "நல்லாக் காத்தோட்டமா இருக்கு", "மேடை விரிஞ்சு கெடக்கு" என்று தாராளமாகப் புகழ்வார்கள். பிடிக்கவில்லை என்றால் "வித்தியாசமா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேநீரைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். வாத்தியாருடைய முதல் ஸ்பீக்கரை மூன்று பேரும் வரிசையாக 'வித்தியாசமா இருக்கு' என்று சொன்ன மறுநாளே அவர் அதைப் பிரித்துப் புத்தக அலமாரி செய்துவிட்டார்.

கூட்டத்தின் கடைசி அயிட்டம் விரல். எங்கள் வீட்டு முக்கோணக் கம்பி இசைத்தட்டுதான் ஒவ்வொரு வீட்டுக்கும் போகும். நால்வரும் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்கள். மூன்றாவது தட்டல் விழுந்ததும் ஆள்காட்டி விரலைத் தூக்க வேண்டும். அந்த ஒலி தன் காதிலிருந்து முழுசாகப் போனதும் இறக்க வேண்டும், இறக்கின பிறகுதான் கண்ணைத் திறக்கலாம். யார் விரல் கடைசியில் இறங்குகிறதோ அவர்தான் அன்றைக்கு ராஜா. ஒன்பது வருஷமும் என் வீட்டுக்காரர்தான். 'காது ராஜா' என்றே அவருக்குப் பெயர் விழுந்துவிட்டது. சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நான் கேலி செய்தாலும், அன்றைக்கு அவர் முகத்தில் இருக்கும் களையைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் ஆரம்பித்தது. குக்கர் விசிலை எண்ணச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போவேன். வந்து பார்த்தால் பாத்திரம் தீய்ந்து கிடக்கும், இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். "அது இன்னும் அடிக்கவே இல்லையே" என்பார். பின்னறையிலும் ஏதோ குறைந்தது. "அந்த மினுமினுப்பு போயிடுச்சும்மா. மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடின மாதிரி இருக்கு" என்று புலம்புவார். பிளேயரின் ஊசியை மாற்றினார். இரண்டு நாள் துள்ளினார், மூன்றாம் நாள் முகம் தொங்கிவிட்டது. ஒயரை மாற்றினார். ஆம்ப்ளிஃபயரின் வால்வுகளை மாற்றினார். கடைசியில் ஸ்பீக்கரைத் திறந்து, மெல்லிய கீச்சொலிக்கென்று இருக்கிற குட்டி ஸ்பீக்கரை, ட்வீட்டர் என்பார்களே, அதையே எடுத்துவிட்டு வேறு வைத்தார். எனக்கு அந்த அறைக்குள் நிற்கவே முடியவில்லை. ஒவ்வொரு ஒலியும் ஊசிபோல் குத்தியது. அவருக்கு அது போதவில்லை.

"எங்கேயும் போயிருக்காதும்மா. இந்தப் பெட்டிக்குள்ளதான் எங்கேயோ மாட்டிக்கிட்டு இருக்கு. என்னிக்காவது ஒரு நாள் வெளிய வந்துடும்" என்பார்.

போனது எங்கே என்று எனக்குத் தெரியாதா என்ன? தினமும் இருபது காது பார்க்கிறேன். மில்லில் இருந்தவர், லாரி ஓட்டினவர், கல் உடைத்தவர் என்று எத்தனை பேர்! பரிசோதனைத் தாளில் அவர்கள் கோடு வலது பக்கம் போகப் போகச் சரிந்து விழுவதைப் பார்த்துவிட்டு, "மேல் ஓசைங்க போயிடுச்சுங்க, திரும்பி வராது" என்று கூசாமல் சொல்கிற வாய் இது. வீட்டில் மட்டும் அடைத்துக்கொண்டது. ஊசி பழுது என்றால் ஊசியை மாற்றலாம், ஒயர் பழுது என்றால் ஒயரை மாற்றலாம். காது என்று சொல்லிவிட்டால் அந்த மனுஷன் அப்புறம் எதை மாற்றுவார்? தேடிக்கொண்டாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கோழைத்தனம்தான், வேறென்ன சொல்ல.

அப்படியும் விரல் விளையாட்டில் அவர்தான் ஜெயித்துக்கொண்டிருந்தார். எப்படி என்று எனக்கே புரியவில்லை. ஒரு தடவை தேநீர் தட்டோடு உள்ளே போனபோதுதான் பார்த்தேன். மற்ற மூவரும் கண்ணை இறுக்கி மூடியிருந்தார்கள். இவர் மட்டும் இமையை நூலளவு திறந்து வைத்திருந்தார். அவர்கள் விரல் எழுந்ததும் தன் விரலைத் தூக்கினார். மூன்று பேரும் இறக்கிய பிறகு, நிதானமாக நாலு எண்ணிக்கை விட்டுத் தன்னுடையதை இறக்கினார். முன்பெல்லாம் காதால் ஜெயித்தவர், இப்போது கண்ணால் ஜெயித்துக்கொண்டிருந்தார். நான் தட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

போன மாசம் முதல் ஞாயிறு எங்கள் வீட்டு முறை. புது ட்வீட்டரைக் காட்ட வேண்டும் என்று இவர் விடியற்காலையிலேயே எழுந்து துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் ஒவ்வொருவராக நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தார்கள். பல் டாக்டர் நடுவில் காதைத் தேய்த்துக்கொண்டார். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எதற்கு வம்பு, கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று நேராக விரலுக்குப் போய்விட்டார்கள்.

அங்கேதான் வாத்தியார் சண்டையைக் கிளப்பினார். "அண்ணே, போன தடவை நீங்க விரலை எறக்காமலே கண்ணைத் தொறந்து என்னைப் பாத்தீங்க" என்று கேபிளிடம் சொன்னார்.

கேபிளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நானா? எனக்கென்னய்யா தலையெழுத்து? அப்படின்னா எல்லாரும் செவுத்தைப் பாத்துத் திரும்பி நிப்போம். யாரும் யாரையும் பாக்க முடியாதுல்ல!"

"அப்ப கடைசியா விரலை எறக்கினது யாருன்னு எப்படித் தெரியும்?" என்றார் டாக்டர். பிறகு வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "அட, காதுக்குன்னே பரீட்சை வைக்கிறவங்க வீட்டுலயே இருக்காங்களே! மேடம், இன்னிக்கு நீங்கதான் நடுவர்" என்று சிரித்தார்.

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வேண்டாம் என்று அவர் சொல்ல முடியாது; அவர் வீடு, அவர் ராஜா. போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

இசைத்தட்டு ஓடியது. வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. முதல் தட்டல் விழுந்தது, இரண்டாவது விழுந்தது. அந்தப் புது ட்வீட்டரில் மூன்றாவது தட்டல் அறையையே கிழிக்கிற மாதிரி வந்தது. மூன்று விரல்கள் மேலே எழுந்தன. இவர் கை மட்டும் தொடையோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு நின்றார். கேபிளின் விரல் இறங்கியது. வாத்தியாரின் விரல் இறங்கியது. கடைசியில் டாக்டரின் விரலும் இறங்கியது. அதற்கப்புறம் இசைத்தட்டின் வெறும் உராய்வு மட்டும்தான். இவர் அப்போதும் தலையைச் சாய்த்தபடியே நின்றார். முதல் தட்டலுக்கே அவர் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"முடிஞ்சுதுப்பா" என்று டாக்டர் திரும்பினார். "சொல்லுங்க மேடம், யாரு கடைசி?"

நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"வேற யாரு, இவருதான்" என்றேன்.

"பாத்தீங்களா, காது ராஜா காது ராஜாதான்!" என்று டாக்டர் கை தட்டினார். வாத்தியார் இவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். கேபிள் மட்டும் கொஞ்சம் தயங்கி, "தம்பி, அந்தப் புது ட்வீட்டர்... வித்தியாசமா இருக்கு" என்றார். "ஆமா, வித்தியாசமாத்தான் இருக்கு" என்றார் வாத்தியார். டாக்டரும் தலையாட்டிவிட்டுத் தேநீரை எடுத்துக்கொண்டார். இவர் எல்லாவற்றுக்கும் சிரித்தார். கண் மட்டும் என்னைவிட்டு நகரவே இல்லை.

அவர்களை வழியனுப்பிவிட்டு வந்து பார்த்தபோது இவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆம்ப்ளிஃபயரை அணைத்திருந்தார்.

"நான் விரலே தூக்கலை" என்றார்.

"தெரியும்."

"அப்ப எதுக்குப் பொய் சொன்னே?"

"பின்னே, அத்தனை பேரு முன்னாடி என்ன சொல்லச் சொல்றீங்க?"

"எத்தனை நாளாத் தெரியும் உனக்கு?"

"மூணு வருஷமா."

எழுந்துவிட்டார். அவ்வளவு கோபத்தில் அவரை நான் பார்த்ததில்லை. "முன்ன பின்ன தெரியாதவனுக்கெல்லாம் மூஞ்சிக்கு நேரா சொல்றே. எனக்குச் சொல்ல மட்டும் உனக்கு வாய் வரலையா? ஊசியை மாத்தினேன், ஒயரை மாத்தினேன், நல்லா இருந்த ஸ்பீக்கரைப் பிரிச்சுக் கெடுத்தேன். எல்லாத்தையும் வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னியே!"

"சொல்லியிருந்தா எதை மாத்தியிருப்பீங்க?" என்று நானும் கத்தினேன். கத்தின வேகத்தில் அழுகையும் வந்துவிட்டது. "சொல்லுங்க, எதை மாத்தியிருப்பீங்க?"

திரும்பவும் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அந்த இரண்டு ஸ்பீக்கர்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஜென்மத்துல இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டாப் போதும்மா. முழுசாக்கூட வேணாம்" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

அந்த வாரம் முழுக்க அவர் பின்னறைக்குப் போகவில்லை. நானும் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில் அடுத்த எண்ணைக் கூப்பிட்டேன். கம்பெனிச் சட்டையோடு, கையில் டோக்கனை வைத்துக்கொண்டு இவர் எழுந்து வந்தார். வரிசையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார், நான் கவனிக்கவே இல்லை. நேராக உள்ளே வந்திருக்கலாமே என்றேன். "எல்லாரையும் மாதிரியே பாரு. சலுகை எதுவும் வேணாம்" என்றார்.

பரிசோதனை அறை என்பது எங்கள் குளியலறை அளவுதான். தடித்த கதவு, உள்ளே ஒரு ஸ்டூல், நடுவில் கண்ணாடி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் என் கருவியும், அனுப்புகிற சத்தமும் உள்ளே இருப்பவர் பேச்சும் கேட்க எனக்கு ஒரு ஹெட்போனும். இன்னொரு ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, அழுத்தினால் என் பக்கம் விளக்கு எரிகிற பொத்தானைக் கையில் கொடுத்து, எல்லோருக்கும் சொல்கிற அதே பாடத்தை ஒப்பித்தேன். "சத்தம் எவ்வளவு சின்னதாக் கேட்டாலும் அழுத்துங்க. கேட்டா மட்டும்தான் அழுத்தணும்." தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

கனமான ஓசைகளில் ஆரம்பித்தேன். ஒன்றைக்கூட விடவில்லை. நான் அனுப்பின மறுநொடியே என் பக்கத்து விளக்கு எரிந்தது. நடு ஓசைகளும் தேவலை. அதற்கு மேலே போனேன், விளக்கு எரியவில்லை. சத்தத்தைக் கூட்டினேன், எரியவில்லை. இன்னும் கூட்டினேன். பக்கத்து மேசைப் பெண்ணுக்கே என் ஹெட்போனிலிருந்து கசிந்து கேட்டது, அவள் திரும்பிப் பார்த்தாள். உள்ளே அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார். நான் கருவியிலிருந்து கையை எடுத்துவிட்டு, தாளில் குறி போடப் பேனாவை எடுத்தேன்.

விளக்கு எரிந்தது.

நான் எதையும் அனுப்பியிருக்கவில்லை. கை தவறிப் பட்டிருக்கும் என்று நினைத்தேன். மறுபடி எரிந்தது. கொஞ்சம் விட்டு மறுபடியும். இப்படிச் சும்மா அழுத்துகிறவர்கள் நிறையப் பேர் வருவார்கள். கூப்பிட்டு இரண்டு அதட்டு அதட்டினால் சரியாகிவிடும். பேனாவை வைத்துவிட்டு மைக்கை எடுத்தேன்.

"ஏங்க, நான் எதையும் அனுப்பலைங்க. எதுக்கு அழுத்தறீங்க?"

அவர் கண்ணைத் திறந்தார். கோபம் ஒன்றும் இல்லை, தப்புச் செய்த முகமும் இல்லை.

"எனக்கும் ஒண்ணும் கேக்கலைம்மா" என்றார். "ஆனா ஒருவேளை இருந்து, நான் விட்டுட்டேன்னா?"

நான் மைக்கை அணைத்தேன். அவருக்குத் தெரியக் கூடாதென்று தாளைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டு அழுதேன். நிமிர்ந்து பார்த்தபோது அவர் மறுபடி கண்ணை மூடியிருந்தார். விளக்கு எரிந்தது.